சப்பாத்திக் கல்லுல டார்ட்டியா: சுண்ணாம்பு, கிரைண்டர், ரெண்டு வருஷ சொதப்பல்

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சப்பாத்திக் கல்லு மேல ஒரு மக்காச்சோள டார்ட்டியா, அதாவது மெக்சிகோக்காரங்க திங்கற மெலிசான ரொட்டி, பூரி கணக்கா உப்பி நின்னுச்சு. ஒண்ணு மட்டும் இல்ல, போட்ட 22ல 14 உப்புச்சு, எண்ணிக்கிட்டேதான் போட்டேன். கடை மாவு கெடையாது, முழு மக்காச்சோளத்த (இனிமே சோளம்னா இதுதான்) சுண்ணாம்புத் தண்ணியில வேக வெச்சு, ராத்திரி அப்படியே ஊற விட்டு, காலையில கழுவி, கோயமுத்தூர்ல இருந்து தூக்கிட்டு வந்த கிரைண்டர்ல ஆட்டுன மாவு. இங்க வந்து சேர ரெண்டு வருஷம் ஆச்சு. நடுவுல ஒரு குக்கர் போச்சு, ஒரு மிக்ஸி ஜார் போச்சு, காய்க்கவே காய்க்காத ஒரு செடிக்கு நாலு மாசம் தண்ணி ஊத்துனேன். மறக்கறதுக்குள்ள எழுதி வெச்சிடறேன்.

நான் ஹூஸ்டன்ல ஆறு வருஷம் இருந்தேன். லாங் பாயிண்ட் ரோட்டுல வரிசையா இருக்கற டாக்கோ வண்டிங்கதான் எனக்கு டிபன் கடை. நம்மளுக்கு காலையில இட்லி கடை மாதிரி அங்க அது. டாக்கோன்னா, காகிதத் தட்டுல ரெண்டு ரெண்டு டார்ட்டியாவா அடுக்கி, மேல கறி, பொடிப் பொடியா வெங்காயம், கொத்தமல்லி, ஒரு எலுமிச்சைத் துண்டு, பச்சைச் சட்னி, அவ்வளவுதான். அப்புறம் வேலை மாறி ஜெர்மனிக்கு வந்தேன், கார்ல்ஸ்ரூ. வந்த முதல் மாசமே மெக்சிகன் சாப்பாடு தேட ஆரம்பிச்சுட்டேன். பக்கத்துலயே ஒரு கடை, சுவத்துல பெரிய தொப்பி மாட்டி, கள்ளிச்செடி படம் எல்லாம் போட்டு அமர்க்களமா இருந்துச்சு. டாக்கோ கேட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கற ஓட்டுக்குள்ள ஸ்வீட் கார்ன், கிட்னி பீன்ஸ், ஜெர்மன் சீஸ், மேல தக்காளி கெச்சப்புக்கு அக்கா தங்கச்சி மாதிரி ஒரு சாஸ். 14 யூரோ. இன்னும் மூணு கடை போய்ப் பாத்தேன், ஒண்ணுல கறி நல்லாவே இருந்துச்சு, ஆனா டார்ட்டியா கோதுமை. அப்பதான் புரிஞ்சுது, உள்ள வெக்கறத எல்லாம் எப்படியாச்சும் வீட்டுல ஒப்பேத்திடலாம், டார்ட்டியா சரியில்லன்னா மத்ததெல்லாம் வீண். இட்லி கல்லு மாதிரி இருந்தா சாம்பார் எவ்வளவு நல்லா இருந்து என்ன பண்றது?

சூப்பர் மார்க்கெட்ல பாக்கெட்டுல சோள டார்ட்டியான்னே போட்டு விக்கறாங்க. திருப்பிப் பின்னாடி படிச்சா முதல் சரக்கு கோதுமை மாவு, சோளம் அதுக்கப்புறம்தான் வருது. சரி, நாமளே சுட்டுக்கலாம்னு தென் அமெரிக்கச் சாமான் விக்கற ஒரு கடையில மக்காச்சோள மாவு வாங்கிட்டு வந்தேன். இதுதான் முதல் தப்பு. அது அரேப்பா செய்யற மாவு, வெனிசுவேலா, கொலம்பியாப் பக்கம் திங்கறது. சோளத்த வேக வெச்சு அரைச்சதுதான், ஆனா சுண்ணாம்பு பாக்காத மாவு. உருட்டி தட்டுனா ஓரமெல்லாம் வெடிப்பு, கல்லுல போட்டா மடிக்கறதுக்குள்ள ரெண்டா உடையுது. அடையா நெனச்சு தேங்கா சட்னி வெச்சு சாப்பிட்டு முடிச்சோம். டார்ட்டியாவுக்கு வேணுங்கற மாவு பேரு மாசா ஹரினா, சுண்ணாம்புல வெந்த சோளத்த காயவெச்சு அரைச்சது. பாக்கெட்டுல அந்த வார்த்தை இருக்கான்னு பாத்து வாங்குங்க, மஞ்ச கலரா வெள்ளையாங்கறத பாத்து ஏமாறாதீங்க.

மாசா ஹரினா ஆன்லைன்ல கெடைச்சுது, கிலோ 6 யூரோ கிட்ட. 100 கிராம் மாவுக்கு 140 கிராம் வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் உப்பு, பெசஞ்சு ஈரத்துணி போட்டு அரை மணி நேரம். இதுல முதல்ல நான் பண்ண கூத்து, சப்பாத்திக் கட்டையில தேய்ச்சது. கோதுமைல இருக்கற இழுவை இதுல துளி கூட இல்ல, தேய்க்கத் தேய்க்க கட்டையோடயே வந்துடுது. அப்புறம் பரண்ல பூரி பிரஸ் இருந்தது ஞாபகம் வந்துச்சு, என் கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் குடுத்தது, ஒரு தடவை கூட எடுத்ததில்ல. 15 சென்டிமீட்டர் அகலம். வண்டிக்கடை டாக்கோ அதுக்கும் சின்னதுதான், அதனால தாராளமா பத்துச்சு. மேலயும் கீழயும் பிளாஸ்டிக் சீட் வேணும். ஊர்ல அதிரசம் தட்டறதுக்குப் பால் கவரை வெட்டி வெச்சுக்குவோம்ல, அதே வேலைதான், ஆனா இங்க பால் அட்டை டப்பாவுல வருது, அதனால ஃப்ரீசர் ஜிப் பையை ரெண்டு பக்கமும் வெட்டி விரிச்சுக்கிட்டேன். அழுத்தி, பாதி திருப்பி, இன்னொரு தடவை லேசா அழுத்தணும், இல்லன்னா ஒரு பக்கம் மெலிசாவும் இன்னொரு பக்கம் தடிப்பாவும் வரும்.

அது நல்லாத்தான் இருந்துச்சு. நெறைய பேருக்கு இங்கயே நிறுத்திக்கலாம், தப்பே இல்ல. ஆனா பொடி மாவுல அந்த வாசனை பாதிதான் வருது. இன்ஸ்டன்ட் தோசை மாவுக்கும் ஆட்டுன மாவுக்கும் உள்ள வித்தியாசம். அதான் முழு சோளத்துல இறங்கினேன். சுண்ணாம்புல வெந்து ஊறின சோளத்துக்குப் பேரு நிக்ஸ்டமால்.

சோளம் எங்க கெடைக்கும்? ஸ்வீட் கார்ன் ஆகாது, காஞ்ச முத்து வேணும். மாட்டுக்குப் போடற மூட்டைச் சோளம் மலிவா கெடைக்குது, ஆனா அது மனுசன் திங்கற தரம்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க, அதனால வேண்டாம்னுட்டேன். எல்லா கடையிலயும் இருக்கறது பாப்கார்ன் சோளம், அரை கிலோ 2 யூரோ. அதையே வாங்கிட்டேன். சுண்ணாம்புக்கு இலங்கைத் தமிழர் கடைக்குப் போனேன், வெத்தலை பாக்கோட சின்ன டப்பாவுல இருக்கும். சமையலுக்குன்னு வாய்விட்டு சொல்லிட்டேன், கடை அண்ணன் ஒரு மாதிரி பாத்தாரு. "தம்பி, உது வெத்திலைக்குப் பூசுறது. உதைப் போய் சட்டியிலயோ போடப் போறீங்கள்?" விவரம் சொன்னேன், நம்பல, ஆனா குடுத்தாரு.

வீட்டுல இருந்த அஞ்சு லிட்டர் அலுமினிய குக்கர்ல சோளம், தண்ணி, ஒரு ஸ்பூன் சுண்ணாம்பு. மூடாம வேக வெச்சேன். பத்து நிமிஷத்துல தண்ணி நுரைச்சு நுரைச்சு கலரு மாறுச்சு, குக்கர் உள்பக்கம் கரி பூசுன மாதிரி ஆயிடுச்சு. சுண்ணாம்புக்கும் அலுமினியத்துக்கும் ஆகவே ஆகாது, அரிச்சுடும். அவ்வளத்தையும் கொட்டிட்டேன், குக்கர் இப்ப பால்கனில செடிக்கு. எவர்சில்வரோ எனாமலோ மட்டும்தான் எடுக்கணும்.

ரெண்டாவது தடவை எவர்சில்வர் பாத்திரம். ஆனா சுண்ணாம்பு அளவு கண்ணளவு. வெத்தலைச் சுண்ணாம்பு ஈரப் பசையா இருக்கும், அதுல தண்ணி எவ்வளவு சுண்ணாம்பு எவ்வளவுன்னு தெரியாது, நான் ரெண்டு ஸ்பூன் அள்ளிப் போட்டேன். சோளம் பளீர் மஞ்சளாச்சு, தோலு வழவழன்னு கரைஞ்சுது, பாக்க சூப்பர். ஆனா எவ்வளவு கழுவியும் சோப்பு வாசம் போகல, நாக்குல லேசா அரிப்பு. அதையும் விடாம மிக்ஸியில போட்டேன். நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி ஓட்டியும் ரவை பதத்துக்குக் கீழ இறங்கவே இல்ல, தண்ணி ஊத்துனா பிளேடு சும்மா சுத்துது, ஊத்தாட்டி நிக்குது, கடைசில ஜார் அடியில இருக்கற கப்ளர் உருகி ஒரு ரப்பர் நாத்தம். வீடியோ கால்ல அம்மா பாத்துட்டு, "ஏங்கண்ணு, கோழித் தீவனத்த எதுக்கு இப்படிப் போட்டு அரைச்சுட்டிருக்க?" எங்க உடுமலைப் பக்கம் மக்காச்சோளம்னா பண்ணைக் கோழிக்குப் போற சரக்குதான், அம்மா கேட்டதுல தப்பில்ல.

அப்புறம்தான் கொஞ்சம் ஒழுங்கா உக்காந்து அளவு புடிச்சேன். சாப்பாட்டுத் தரத்துல பொடிச் சுண்ணாம்பு தனியா விக்கறாங்க, டப்பாவுல ஈ 526ன்னு போட்டிருக்கும், அரை கிலோ 8 யூரோ, எனக்கு இது சாகற வரைக்கும் வரும். கணக்கு சிம்பிள், காஞ்ச சோளம் எடையில நூத்துக்கு ஒண்ணு. 1 கிலோ சோளத்துக்கு 10 கிராம் சுண்ணாம்பு, 3 லிட்டர் தண்ணி. நகைக்கடைத் தராசு மாதிரி சின்னதா ஒண்ணு 12 யூரோவுக்கு வாங்கினேன், இந்த லிஸ்டுலயே உருப்படியான செலவு அதுதான். சுண்ணாம்ப முதல்ல கொஞ்சம் தண்ணியில கரைச்சுட்டு ஊத்துங்க, பொடி பறந்து கண்ணுல பட்டா சும்மா எரிச்சலோட போகாது, கையில உறையும் போட்டுக்குங்க.

வேகற நேரம் சோளத்தப் பொறுத்தது. பாப்கார்ன் சோளத்துக்குத் தோலு தடிப்பு, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் ஒரு இடத்துல வெள்ளைப் பல்லுச் சோளம் கெடைச்சுது, முத்து தலையில குழி விழுந்து பல்லு மாதிரி இருக்கும், உள்ள மாவு ஜாஸ்தி, அது 35 நிமிஷம். ரொம்பக் கொதிக்கக் கூடாது, லேசா குமிழ் விட்டுட்டே இருக்கணும். ஒரு முத்த எடுத்து ரெண்டு விரல்ல தேய்ச்சா தோலு வழண்டு வரணும், கடிச்சா நடுவுல கடுகளவு வெள்ளையா வேகாம இருக்கணும். அந்தக் கடுகளவு முக்கியம். முழுசா வேக விட்டா ஆட்டும்போது பசை ஆயிடும், எனக்கு ஒரு தடவை ஆச்சு, சுவர்ல போஸ்டர் ஒட்டலாம். அடுப்ப அணைச்சு அப்படியே மூடி வெச்சு பத்துப் பன்னெண்டு மணி நேரம். காலையில தண்ணிய வடிச்சா பழுப்பு மஞ்சள்ல கொழகொழன்னு இருக்கும், அதுக்கு மெக்சிகோக்காரங்க நெஹயோத்தேன்னு பேரு வெச்சிருக்காங்க. மூணு தண்ணி கழுவுனா போதும், தோல ஒட்டுமொத்தமா உரிக்கத் தேவையில்ல, கொஞ்சம் இருந்தாத்தான் மாவு ஒட்டிப் புடிக்குது. கழுவின சோளம் எடை 1 கிலோ 650 கிராம் வந்துச்சு.

இனி கிரைண்டர். ஹூஸ்டன்ல இருந்தது 110 வோல்ட், அங்கயே நண்பன்கிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். இங்க 230 வோல்ட், நம்ம ஊரு கரண்டேதான், அதனால போன லீவுல கோயமுத்தூர் போனப்ப ரெண்டு லிட்டர் டேபிள் டாப் ஒண்ணு வாங்கினேன். பெட்டில 12 கிலோ அதுக்கே போச்சு, உருளைக் கல்லுங்கள வேட்டி துண்டுல சுத்தி வெச்சேன், ஏர்போர்ட்ல பெட்டியத் தெறக்கச் சொல்லி ஒருத்தர் கல்லத் தூக்கிப் பாத்துட்டு இது என்னன்னு கேக்க, தோசைன்னேன், சிரிச்சுட்டு விட்டுட்டாரு. இந்தக் கிரைண்டரைத்தான் சாக்லேட் சின்ன அளவுல பண்றவங்களும் கொக்கோ அரைக்க வெச்சிருக்காங்க, அதனால சோளத்துக்கு மட்டும் என்ன வந்துச்சுன்னு ஒரு தைரியம்.

தைரியம் முதல் நாள் செல்லல. கிரைண்டர் சுத்தணும்னா தண்ணி கேக்கும், உளுந்துக்கு ஊத்திப் பழகின கை, தாராளமா ஊத்திட்டேன். 20 நிமிஷத்துல வெண்ணெய் மாதிரி மாவு, ஆனா மெதுவடை பதம். டார்ட்டியாவுக்கு வேணுங்கறது கொழுக்கட்டை மாவுப் பதம். அன்னைக்கு 200 கிராம் மாசா ஹரினா போட்டு இறுக்கி சமாளிச்சேன். மறுவாட்டி மாத்துனது: கழுவின சோளத்த வடிதட்டுல அரை மணி நேரம் விட்டேன், ஒரு ஈடுக்கு 400 கிராம் மட்டும், தண்ணி மேசைக்கரண்டி கணக்குல, மர அகப்பையால ஓரத்துல இருந்து உள்ள தள்ளிக்கிட்டே நிக்கணும், பக்கத்துல இருந்து நகரவே கூடாது. ஒரு ஈடுக்கு 12 நிமிஷம். மொத்தம் நாலு ஈடு. ரெண்டாவது ஈட்டுல பெல்ட் வழுக்கி கீச்சுன்னு சத்தம், உடனே நிறுத்தி மாவக் கொஞ்சம் எடுத்துட்டேன், அப்புறம் ஒழுங்கா ஓடுச்சு. இப்பவும் கொஞ்சம் தளர்வாத்தான் வருது, 50 கிராம் பொடி மாவு சேக்கறேன், அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. கைப்பிடி வெச்ச இரும்பு மில் 45 யூரோவுக்கு வருது, தண்ணியே இல்லாம அரைக்கும், ஆனா மேசையில முறுக்கி மாட்டணும், எங்க மேசை வாடகை வீட்டோடது.

பதம் பாக்கறது இப்படி: ஒரு உருண்டை உருட்டி கட்டை விரலால அழுத்துனா ஓரம் வெடிக்கக் கூடாது, கையிலயும் ஒட்டக் கூடாது. வெடிச்சா தண்ணி தெளி, ஒட்டுனா அஞ்சு நிமிஷம் தெறந்து வை. ஒரு உருண்டை 30 கிராம். 1 கிலோ சோளத்துல 60 டார்ட்டியாவுக்கு மேலயே வருது. ஞாயித்துக்கிழமை நான் போட்டது மூணுல ஒரு பங்குதான், மீதி மாவு ஃபிரிட்ஜ்ல, ரெண்டு நாள் தாங்கும், அதுக்கு மேல புளிக்குது.

கல்லு விஷயத்துலயும் ஒரு பாடம். அவங்க கோமால்னு சொல்றது நம்ம தோசைக்கல்லுதான் கிட்டத்தட்ட. ஆனா நம்ம கல்லு எண்ணெய் குடிச்சுப் பழகினது, அதுல டார்ட்டியா போட்டா அங்கங்க வடை கலருல பொரிஞ்சு நிக்குது. டார்ட்டியாவுக்கு வறட்டுக் கல்லு வேணும். பழைய சப்பாத்திக் கல்ல தேய்ச்சுக் காய வெச்சு தனியா ஒதுக்கிட்டேன். கண்ணாடி அடுப்பு சூடேற பத்து நிமிஷம் எடுக்குது, அவசரப்பட்டா கெட்டுச்சு. போட்டு 20 செகண்ட்ல முதல் திருப்பு, கல்லுல இருந்து தானா விடணும். ரெண்டாவது பக்கம் ஒரு நிமிஷம், புள்ளி விழணும். மறுபடி திருப்பி, இரண்டு விரலால நடுவுல லேசா ஒத்தடம் குடுத்தா உப்பும். உப்பாததுல பாதி என் தப்பு, முதல் பக்கத்த அதிக நேரம் விட்டு காய வெச்சுட்டேன். எடுத்த உடனே தின்னா வரட்டி மாதிரி இருக்கும், பயந்துடாதீங்க. துண்டுல சுத்தி மூடி பாத்திரத்துல பத்து நிமிஷம் வெச்சா அதோட ஆவியிலயே பஞ்சு மாதிரி ஆயிடும். நான் முதல் மாசம் முழுக்க இந்தப் பத்து நிமிஷம் தெரியாமத்தான் திண்டாடினேன்.

பச்சைச் சட்னிக் கதையும் சொல்லிடறேன். அதுக்கு டொமாட்டியோ வேணும், ஓட்டுக்குள்ள இருக்கற பச்சைக் காய். சின்ன வயசுல வேலி ஓரம் புடுங்கி நெத்தியில அடிச்சு உடைப்போமே சொடக்குத் தக்காளி, அதோட பெரியப்பா பையன். இங்க கடையில டின்ல தவிர கண்ணுல படல. போன வருஷம் விதை வாங்கி ஏப்ரல்ல ஜன்னல் ஓரம் போட்டு, மே நடுவுல குளிர் விட்டதும் ஒரே ஒரு செடிய மட்டும் பால்கனில வெச்சேன், இடம் இல்லன்னு மத்த நாத்தெல்லாம் தானம். செடி இடுப்பு உயரம், மஞ்சப் பூ கொட்டிக் கெடக்கு, தேனீ வருது, பூவெல்லாம் கொட்டிடுது. அங்கங்க ஒரு ஓடு தொங்கும், நசுக்கிப் பாத்தா உள்ள வெறும் காத்து. உரம் போட்டேன், தொட்டி மாத்தினேன். செப்டம்பர்லதான் தெரிஞ்சுது, இந்தச் செடி தன் மகரந்தத்துக்குத் தானே காய்க்காது, ரெண்டு செடி பக்கத்துல இருக்கணும். இந்த வருஷம் ரெண்டு வெச்சேன், ஒண்ணு அந்தக் கறுத்த குக்கர்ல, ஆணியால அடியில ஓட்டை போட்டு. ஆகஸ்ட் வரைக்கும் ஒண்ணேகால் கிலோ. ஓடு உரிச்சா பிசுபிசுன்னு இருக்கும், கழுவிட்டு வறட்டுக் கல்லுல கருக விட்டு, பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி, உப்பு. மிக்ஸியில ரெண்டு சுத்து, புது ஜார்ல.

மிளகாய் பத்தி ஒரு வரி. மெக்சிகோவோட காஞ்ச சிவப்பு மிளகாய் வஹியோவுக்கு பதிலா காஷ்மீரி மிளகாய் கலருக்கு ஓடுது, வாசனைக்கு ஓடாது. புகை போட்ட சிப்போட்லே மிளகாய்க்கு மாத்தே கெடையாது, அத டின்லயே வாங்கிடுங்க.

உள்ள வெக்க ஞாயித்துக்கிழமை சிக்கன் தொடை, தக்காளி, சிப்போட்லே, நூலு நூலா பிச்சுப் போட்டது. வீட்டுக்காரிக்கு ராஜ்மாவ மசிச்சு சீரகம் போட்டு. ஆபீஸ்ல மெக்சிகோவுல இருக்கற பியூப்லா ஊருக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவரக் கூப்பிட்டிருந்தேன். அவர் ஊருக்கு லெபனான்ல இருந்து போனவங்கதான் கம்பியில கறியக் குத்தி சுத்த விடற பழக்கத்தக் கொண்டு போனாங்களாம், அல் பாஸ்தோர் டாக்கோவே அதுல இருந்து வந்ததுதான், அதனால இங்க தெருவுக்குத் தெரு அதே மாதிரி கறி சுத்தற துருக்கி டோனர் கடையப் பாத்தா அவருக்கு ஒரு ஏக்கம். வந்தவரு முதல்ல வெறும் டார்ட்டியாவ எடுத்து மோந்து பாத்தாரு. உப்பு தொட்டு, சுருட்டி, அப்படியே ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு, அதுவும் வெறுமனே. சட்னில எலுமிச்சை வேண்டியதில்லன்னு சொன்னாரு, காயிலயே புளிப்பு இருக்காம். டார்ட்டியா ஓரம் இன்னும் தடிப்புன்னும் சொன்னாரு. சரிதான், பூரி பிரஸ் கீல் ஒரு பக்கம் வளைஞ்சுடுச்சு, 1 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கு.

செலவு மொத்தமா: தராசு 12, சுண்ணாம்பு 8, மிக்ஸி ஜார் 18, கிரைண்டர் ஊரு விலை 4500 ரூபா, குக்கர் அம்மா தலையில. இப்ப ஒரு தடவைக்கு 1 கிலோ வெள்ளைச் சோளம் 4 யூரோ, அறுபது டார்ட்டியா. அடுத்த தடவை வார்ப்பிரும்பு பிரஸ் 20 சென்டிமீட்டர்ல வாங்கப் போறேன், 30 யூரோ போட்டிருக்கான். சோளத்த 35 நிமிஷத்துக்கு பதிலா 30ல இறக்கி, வடிதட்டுல ஒரு மணி நேரம் விட்டு, பொடி மாவே சேக்காம ஒரு ஈடு ஆட்டிப் பாக்கணும், பெல்ட் தாங்குச்சுன்னா. ஸ்பேர் பெல்ட் ஊர்ல இருந்து வர்ற மச்சான்கிட்ட சொல்லியிருக்கேன்.